நிலத்தை விற்றுத்தான் படிக்க வைக்க வேண்டுமா?

அம்மா, பிளஸ் டூ முடிந்த வீட்டில் பயம் இருக்கத்தான் செய்யும். ஆனால் கொழுந்தனார் சொல்கிறார் என்று நிலத்தை விற்று, மகளுக்கு மேனேஜ்மென்ட் கோட்டாவில் கம்ப்யூட்டர் சயின்ஸ் வாங்குவதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். பணம் கட்டப்போவதும் அவர் இல்லை, நாலு வருஷம் உட்கார்ந்து படிக்கப்போவதும் அவர் இல்லை.

உங்கள் கடிதத்தின் அடியில் மகள் ஒரு கேள்வி எழுதியிருக்கிறாள், கவனித்தீர்களா? மெத்தனால் ஃபியூயல் செல்லில், அதாவது மெத்தனாலை எரிபொருளாக வைத்து மின்சாரம் தரும் கருவியில், இரண்டு மின்முனைகளுக்கும் நடுவே இருக்கும் சவ்வு மெல்லிசாக இருந்தால் மின்தடை குறையுமே, அப்புறம் ஏன் தடித்த சவ்வைப் போடுகிறார்கள் என்று. நல்ல கேள்வி. நேஃபியான் 117 என்ற சவ்வு சுமார் 180 மைக்ரான் (ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் ஒரு மைக்ரான்) தடிமன், 212 என்பது சுமார் 50 தான். மெல்லிய சவ்வில் புரோட்டான் சுலபமாகக் கடக்கும், ஆனால் தண்ணீரில் கலந்த மெத்தனாலும் சேர்ந்தே கசிந்து மறுபக்கம் போய், அங்கிருக்கும் மின்முனையான கேத்தோடில் உள்ள பிளாட்டினத்தின் மேல் வீணாக எரிந்து, வோல்டேஜையும் இறக்கிவிடும். தடித்த சவ்வு கசிவைக் குறைக்கும், ஆனால் மின்தடை கூடும். இதில் இன்னொரு சூட்சுமம்: அதிக மின்னோட்டம் எடுக்கும்போது மெத்தனாலில் பெரும்பகுதி அது முதலில் வந்து சேரும் மின்முனையான ஆனோடிலேயே செலவாகிவிடுவதால் கசிவு குறையும், அங்கே மெல்லிய சவ்வு எடுபடும். மெத்தனாலின் செறிவைக் கூட்டினால் மறுபடி தடித்த சவ்வுக்கே மவுசு.

இப்படி யோசிக்கிற பெண்ணுக்கென்றே காரைக்குடியில் சிக்ரி இருக்கிறது, மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம். ஆராய்ச்சி நிறுவனத்துக்குள்ளேயே கெமிக்கல் அண்ட் எலக்ட்ரோகெமிக்கல் இன்ஜினியரிங் பி.டெக் நடக்கிறது. பேட்டரி, ஃபியூயல் செல், துருப்பிடித்தல், முலாம் பூசுதல் எல்லாம் அங்கே தினசரி வேலை. அண்ணா பல்கலைக்கழகத்தோடு இணைந்த படிப்பு. இடங்கள் குறைவு, அதனால் இந்த வருஷச் சேர்க்கை முறையையும் கட்டணத்தையும் நேரிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். சொந்தக்காரர்கள் இந்தப் பேரைக் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள், அது அவர்கள் பாடு.

ஒன்று மட்டும் கறாராகச் சொல்கிறேன். சவ்வு ஆராய்ச்சியிலேயே இருக்க ஆசைப்பட்டால் பி.டெக்கோடு நிற்க முடியாது, பிஎச்.டி. வரை போக வேண்டிவரும், சம்பளம் தாமதமாகத்தான் வரும். இதை அவளிடம் இப்போதே சொல்லுங்கள், மறைக்காதீர்கள். அதைக் கேட்ட பிறகும் சரி என்றால், சாய்ஸ் லிஸ்ட்டை அவளே போடட்டும். அங்கே இடம் கிடைக்காவிட்டால் அரசுக் கல்லூரியில் கெமிக்கல் இன்ஜினியரிங் எடுக்கலாம், கடன் வாங்கி வேறெதற்கும் ஓட வேண்டாம்.