கேம் ஆடினால் மட்டும் ஏன் ரீஸ்டார்ட் ஆகிறது?

கேள்வி: என் மகன் தேசிய சேவையில் இருக்கிறான். வார இறுதியில் வீட்டுக்கு வந்தால் கம்ப்யூட்டர் முன்னால்தான். இரண்டு மாதத்துக்கு முன் ஆர்டிஎக்ஸ் 3080 என்கிற கிராஃபிக்ஸ் கார்டு (திரையில் படம் வரைகிற கார்டு) ஒன்றை யாரிடமோ பழையதாக வாங்கிப் பொருத்தினான். அதிலிருந்து கேம் ஆரம்பித்துப் பத்து, இருபது நிமிடத்தில் கரண்ட் போனதுபோல் திரை கறுத்து, தானாகவே ரீஸ்டார்ட் ஆகிறது. யூடியூப் மணிக்கணக்கில் ஓடினாலும் ஒன்றும் ஆவதில்லை. கம்ப்யூட்டருக்குள் எல்லாவற்றுக்கும் மின்சாரம் கொடுக்கும் பவர் சப்ளை 550 வாட், ஆறு வருடப் பழசு. ஒரு கடையில் விண்டோஸை மறுபடி போட்டுக் கொடுத்து 80 வெள்ளி வாங்கினார்கள், மறுநாளே பழைய கதை. புதுக் கம்ப்யூட்டர் வாங்கத்தான் வேண்டுமா?
- ஈசூன் வாசகி

பதில்: வேண்டாம்மா, பர்சை மூடி வையுங்கள். பதிலை நீங்களே கேள்விக்குள் எழுதிவிட்டீர்கள்: 3080 கார்டு, 550 வாட், ஆறு வருடம். 2020இல் இந்தக் கார்டு வந்தபோதே இதற்கு 750 வாட் பவர் சப்ளை வேண்டும் என்றுதான் அதன் நிறுவனமான என்விடியா சொன்னது.

உங்கள் மகன் ஒத்துக்கொள்ள மாட்டார். கார்டுக்கு 320 வாட், பிராசசருக்கு நூறு சொச்சம், மற்றதெல்லாம் சேர்த்தாலும் ஐந்நூறைத் தாண்டாதே என்பார். கூட்டல் சரிதான். ஆனால் 320 என்பது சராசரிக் கணக்கு, கேமில் திடீரென்று ஒரு பெரிய காட்சி வரும்போது கண் இமைப்பதற்கும் குறைவான நேரத்துக்கு அந்தக் கார்டு அதைவிட மிக அதிகமாக இழுக்கும். கல்யாண வீட்டில் நூறு பேருக்குச் சமைத்து வைத்திருக்கிறீர்கள், நூறு பேரும் ஒரே பஸ்ஸில் வந்து ஒரே பந்தியில் உட்கார்ந்தால் என்ன ஆகும்? சோறு போதும், பரிமாறுகிற கை போதாது. அந்த நொடியில் வோல்டேஜ் தாழ்ந்துவிடும். ‘எல்லாம் சரியாக இருக்கிறது’ என்று பவர் சப்ளை மதர்போர்டுக்கு ஓயாமல் ஒரு சிக்னல் அனுப்பிக்கொண்டே இருக்கும், அது விட்டுப்போனதும் மதர்போர்டு எல்லாவற்றையும் நிறுத்தி முதலிலிருந்து தொடங்கிவிடும். இதற்கு விண்டோஸை மறுபடி போடுவது காய்ச்சல்காரனுக்குச் சட்டை மாற்றிவிடுகிற வேலை.

சரி, இது ஊகம்தானே, எப்படி உறுதி செய்வது? காசில்லாத வழி இருக்கிறது. எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர் என்கிற இலவச மென்பொருளைப் போட்டு, அதில் பவர் லிமிட்டை (கார்டு இழுக்கக்கூடிய மின்சாரத்தின் வரம்பை) 70 சதவீதத்துக்கு இறக்கிவிட்டு, கேமில் ஃபிரேம் ரேட்டையும் (நொடிக்கு எத்தனை படம் என்பதையும்) 60க்கு மேல் போகாமல் கட்டிவைத்து, ஒரு மணி நேரம் ஆடச் சொல்லுங்கள். ரீஸ்டார்ட் ஆகவில்லை என்றால் பவர் சப்ளை மேல்தான் முதல் சந்தேகம். புதுசு வாங்கும்வரை அப்படியே ஆடலாம், பெரிய வித்தியாசம் தெரியாது.

அப்புறம் கம்ப்யூட்டர் பெட்டியைத் திறந்து கார்டுக்குப் போகும் வயரைப் பாருங்கள். ஒரே வயரில் இரண்டு தலை இருக்கும், பலர் அந்த இரண்டையும் கார்டில் சொருகிவிடுவார்கள். எட்டு முள் இணைப்பு ஒவ்வொன்றும் 150 வாட்டுக்கு என்று வகுத்தது, அதனால் பவர் சப்ளையிலிருந்தே இரண்டு தனி வயர் எடுப்பதுதான் நல்லது. எக்ஸ்டென்ஷனைக் கழற்றிவிட்டு நேராகச் சுவர் பிளக்கில் போட்டும் பாருங்கள். நம் ஊர் 230 வோல்ட்டில் 600 வாட் என்பது மூன்று ஆம்பியர்கூட இல்லை, 13 ஆம்பியர் பிளக்குக்கு அது ஒன்றுமே இல்லை. ஆனால் பழைய எக்ஸ்டென்ஷனில் பிடிப்பு தளர்ந்திருக்கும். நானே ஒருமுறை மூன்று வாரம் கார்டின் டிரைவர் மென்பொருளை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்திருக்கிறேன், கடைசியில் மேசைக்கு அடியில் கிடந்த எக்ஸ்டென்ஷன்தான் குற்றவாளி.

சூடு காரணமா என்றால், பிராசசர் சூடானால் முதலில் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், அதையும் மீறினால் பெரும்பாலும் அணைந்து அப்படியே கிடக்கும், உடனே எழுந்துகொள்ளாது. இருந்தாலும் கதவை மூடிக்கொண்டு ஏர்கான் இல்லாமல் மத்தியானத்தில் ஆடுகிற பிள்ளையாக இருந்தால், பக்க மூடியைக் கழற்றி டேபிள் ஃபேனைத் திருப்பி வைத்து ஒருமுறை ஆடிப் பார்க்கட்டும்.

விண்டோஸ் தன் கோளாறுகளைக் குறித்து வைக்கும் ஈவென்ட் வியூவரில் ‘கெர்னல் பவர் 41’ என்று சிவப்பில் இருப்பதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். கம்ப்யூட்டர் ஒழுங்காக அணைக்கப்படவில்லை என்பதற்கு மேல் அது காரணம் எதுவும் சொல்லாது, இறப்புச் சான்றிதழில் ‘மூச்சு நின்றது’ என்று எழுதுகிற மாதிரி. பக்கத்திலேயே ‘வியா லாகர்’ (WHEA-Logger, வன்பொருள் கோளாறுப் பதிவு) என்று ஏதாவது இருந்தால்தான் பிராசசர், மதர்போர்டு பக்கம் சந்தேகப்பட வேண்டும்.

வாங்கும்போது 750 அல்லது 850 வாட், ஏடிஎக்ஸ் 3.0 என்கிற பவர் சப்ளை விதிமுறைப்படியோ அதற்குப் பிந்தியதன்படியோ செய்தது என்று கேளுங்கள். 2022இல் வந்த அந்த விதிமுறை, நான் மேலே சொன்ன திடீர் இழுப்பையும் கணக்கில் எடுத்து எழுதியது. ‘80 பிளஸ் கோல்டு’ என்பது மின்சாரம் எவ்வளவு வீணாகிறது என்பதற்கான அளவுதான், தரச் சான்றிதழ் அல்ல. சிம் லிம் ஸ்குவேரில் இரண்டு மூன்று கடை ஏறி இறங்குங்கள். கார்டைப் பழசாக வாங்கியது போகட்டும், பவர் சப்ளையைப் பழசாக வாங்கவே கூடாது. முக்கியமாக, பழைய வயர்களைப் புதுப் பவர் சப்ளையில் சொருகக் கூடாது. பார்க்க ஒன்றுபோல் இருந்தாலும் உள்ளே முள் வரிசை மாறியிருக்கும், ஹார்ட் டிஸ்க் புகைந்துவிடும்.

அதற்குப் பிறகும் ரீஸ்டார்ட் ஆனால் பயாஸில் (கம்ப்யூட்டர் தொடங்கும்போது வரும் அமைப்புத் திரையில்) ராமை, அதாவது நினைவகத்தை, கூடுதல் வேகத்தில் ஓட்டும் எக்ஸ்எம்பியை அணைத்துவிட்டு, ராம் சோதனையை ஒரு ராத்திரி ஓடவிட்டுப் பாருங்கள். அதிலும் ஒன்றும் இல்லையென்றால் அடுத்த சந்தேகம் அந்தப் பழைய கார்டு மேல்தான்.

கேள்வி: பவர் சப்ளையைத் திறந்து உள்ளே இருக்கும் தூசியைத் தட்டலாமா?
- செங்காங் வாசகர்

பதில்: திறக்கவே கூடாது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே கெப்பாசிட்டரில் மின்சாரம் தங்கியிருக்கும், அடித்தால் விளையாட்டு இல்லை. பிளக்கை எடுத்துவிட்டு, விசிறி சுற்றாமல் ஒரு குச்சியால் பிடித்துக்கொண்டு, கம்பி வலை வழியாக வெளியிலிருந்தே காற்றடியுங்கள். காரிடாரில் வைத்து அடிப்பதாக இருந்தால், பக்கத்து வீட்டில் துணி காயப்போட்டிருக்கிறார்களா என்று முதலில் பார்த்துவிடுங்கள்.