நகையை மீட்டு வையுங்கள், இரண்டு புத்தகம் வாங்கிக் கொடுங்கள்

தங்கச்சிமடத்திலிருந்து ஒரு தாயார் எழுதியிருக்கிறார். கணவர் விசைப்படகில் பங்குக்குப் போகிறவர். மகள் அரசு உதவி பெறும் பள்ளியில் தமிழ் வழியில் பிளஸ் டூ முடித்திருக்கிறாள், கணினி அறிவியல் பிரிவு. சென்னையில் இருக்கும் கொழுந்தனார், 'ஏஐ படிச்சாத்தான் இனிமே பொழப்பு' என்று ஒரு தனியார் பொறியியல் கல்லூரியில் நிர்வாக ஒதுக்கீட்டில் இடம் பேசி வைத்திருக்கிறார். தாயாரின் அண்ணனோ, 'பிள்ளைக்குப் படம் வரையறதுலதானே ஆசை' என்று ஒரு மல்டிமீடியா பயிற்சி நிலையத்தைக் காட்டியிருக்கிறார். அங்கே டிப்ளமோவுக்கு மூன்றரை லட்சம். இடம் போய்விடக் கூடாதென்று 10,000 ரூபாய் முன்பணமும் கட்டியாகிவிட்டது. தாலிக்கொடி தவிர மற்ற நகை வங்கியில் அடகில் இருக்கிறது. மகள் இரண்டுக்கும் வாய் திறப்பதில்லையாம். பழைய லேப்டாப்பில் எதையாவது ஆடவிட்டுக்கொண்டே உட்கார்ந்திருக்கிறாளாம். 'பயமா இருக்கு சார்' என்று முடித்திருக்கிறார்.

அம்மா, பயப்படாதீர்கள் என்று இரண்டு வரி எழுதிப் பார்த்து அழித்துவிட்டேன். ஏனென்றால் நீங்கள் பயப்பட வேண்டிய விஷயம் ஒன்று நிஜமாகவே இருக்கிறது. அது பிள்ளையின் எதிர்காலம் இல்லை, இந்தப் படிப்புக்காக ஏறுகிற கடன். மே மாதம் ரிசல்ட் வருகிறது, கல்லூரிகள் உடனே பணம் கேட்கின்றன. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம்; படகு கரையில் நிற்கிறது. வருஷத்தில் கையில் காசே இல்லாத அந்த இரண்டு மாதத்தில்தான் உங்கள் தெருவில் எல்லா வீட்டிலும் நகை வங்கிக்குப் போகிறது. அந்த அவசரத்தில் எடுக்கிற முடிவுக்கு நாலு வருஷம் வட்டி கட்ட வேண்டியிருக்கும்.

பொறியியல் வேண்டாம் என்று நான் யாருக்கும் பொதுவாகச் சொல்வதில்லை. கலந்தாய்வில் நல்ல கல்லூரி கிடைத்து, பிள்ளைக்கும் கணக்கில் பிடிப்பு இருந்தால் தாராளமாகப் போகட்டும். உங்கள் மகள் கணக்கில் தட்டுத்தடுமாறிப் பாஸானவள் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அவளை நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்த்து, விடுதிக்கும் கட்டி, முதல் வருஷமே அரியர் வைத்தால் அந்தக் கடனை யார் அடைப்பது? கொழுந்தனாரா? அவரிடம் இதை மரியாதையாகவே கேளுங்கள், ஆனால் கேளுங்கள்.

அண்ணன் சொல்லும் டிப்ளமோவும் எனக்குச் சம்மதமில்லை. அந்தப் பாடத்திட்டத்தின் படத்தை அனுப்பியிருந்தீர்களே, பார்த்தேன். பதினாறு மென்பொருளின் பெயர், ஒவ்வொன்றுக்கும் மூன்று வாரம். மூன்று வாரத்தில் எந்தப் பொத்தான் எங்கே இருக்கிறது என்று தெரியும், அதற்கு மேல் ஒன்றும் தெரியாது. போதாக்குறைக்கு அந்தப் பட்டியலில், வலைப்பக்கங்களில் அசைபடம் ஓட்டிய பழைய மென்பொருளான ஃப்ளாஷ் இருக்கிறது! ஃப்ளாஷ் பிளேயருக்கான ஆதரவை அடோபி 2020 டிசம்பர் 31-ஆம் தேதியோடு நிறுத்திவிட்டது. 2021 ஜனவரி 12 முதல் அந்தப் பிளேயரில் ஃப்ளாஷ் படங்கள் ஓடாதபடி தடுத்தும்விட்டது. செத்துப்போன மென்பொருளுக்குக் கட்டணம் வாங்குகிற இடத்தில் மற்ற பதினைந்தை எப்படி நம்புவது?

இப்போது உங்கள் மகளிடம் வருகிறேன். வாட்ஸ்அப்பில் அவள் அனுப்பிய வலைப்பக்கக் கோப்பைத் திறந்து பார்த்தேன். ஒரு படகு அலையில் ஆடுகிறது, அவ்வளவுதான். ஆனால் அலை ஏறி இறங்குவதும் படகு சாய்வதும் ஒரே நேரத்தில் நடக்கவில்லை. அலை வந்து போன பிறகு, ஒரு நொடிக்கும் குறைவான தாமதத்தில் படகு சாய்கிறது. பின்பக்கம் இன்ஜின் கனம் என்பதால் அணியம், அதாவது படகின் முன்பக்கம், கொஞ்சம் தூக்கியே நிற்கிறது. இதை அவளுக்கு யாரும் சொல்லிக்கொடுத்திருக்க மாட்டார்கள். கரையில் நின்று பார்த்த கண்ணுக்குத் தானாக வந்தது. இந்தக் கண் இல்லாதவர்கள் லட்சங்கள் கட்டிப் படித்தும் திணறுவதைப் பார்த்திருக்கிறேன்.

குறையும் இருக்கிறது. லேப்டாப்பில் வழுக்கிக்கொண்டு ஓடும் படகு, என் கைபேசியில் விக்கி விக்கி நகர்கிறது. படகை நகர்த்த அவள், வலைப்பக்கத்தின் தோற்றத்தை எழுதும் மொழியான சிஎஸ்எஸ்ஸில் 'லெஃப்ட்' என்ற பண்பை மாற்றியிருக்கிறாள். அதை மாற்றும்போதெல்லாம் வலைப்பக்கத்தில் எது எங்கே இருக்க வேண்டும் என்று பிரவுசர் மறுபடி கணக்குப் போட வேண்டும். திரை நொடிக்கு 60 முறை புதுப்பிக்கப்படுகிறது என்றால், ஒரு காட்சிக்குக் கிடைப்பது 16.7 மில்லி நொடிதான். அதற்குள் கணக்கு முடியாவிட்டால் காட்சி தவறிப்போகும், படகு விக்கும். அதே நகர்வை 'டிரான்ஸ்ஃபார்ம்' மூலம் செய்தால் அந்தக் கணக்கே வேண்டியதில்லை. படம் நகர்கிறது என்பது ஆரம்பப் பாடம். ஏன் விக்குகிறது என்று கண்டுபிடிப்பது அடுத்த நிலை. உங்கள் மகள் நிற்பது சரியாக இந்த வாசற்படியில். இதைத் தாண்டுவதற்கு அவளுக்கு வகுப்பறை தேவையில்லை, வலைப்பக்க அனிமேஷன் பற்றிய நல்ல புத்தகம் இரண்டு போதும்.

'யூடியூப்ல எல்லாம் இருக்கே' என்பார்கள். இருக்கிறது. ஆனால் வீடியோ பார்த்துச் செய்கிற பிள்ளை, வீடியோவில் வருகிறவர் தட்டச்சில் அடிக்கும் நிரலைத் தானும் அடிக்கிறது. ஓடிவிட்டால் அடுத்த வீடியோவுக்குப் போகிறது. புத்தகத்தில் படம் ஆடாது. ஒரு வளைவுக்கோடும் நாலு எண்ணும்தான் அச்சில் இருக்கும். மெதுவாகத் தொடங்கி வேகமெடுத்து மெதுவாக நிற்கும் அசைவை அந்த வளைவு சொல்கிறது. அதைப் பார்த்து, இது எப்படி அசையும் என்று மனசுக்குள் ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் அடிக்க வேண்டும். அசைவை எண்ணாகவும் எண்ணை அசைவாகவும் பார்க்கப் பழகுவதற்கு இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது. இன்னொன்று, இதற்கு இணையம்கூடத் தேவையில்லை. ஹெச்டிஎம்எல், சிஎஸ்எஸ், ஜாவாஸ்கிரிப்ட் கோப்புகள் லேப்டாப்பிலிருந்தே பிரவுசரில் ஓடும். டேட்டா தீர்ந்த நாளிலும் படிப்பு நிற்காது.

புத்தகம் வாங்குவதற்கு முன் இதைப் பாருங்கள். முதல் சில பக்கங்களுக்குள் பதிப்பு ஆண்டு இருக்கும். பத்து வருஷத்துக்கு முந்தையது என்றால், எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் பாடப் புத்தகமாக வேண்டாம். பொருளடக்கத்தில் டிரான்சிஷன் (ஒரு நிலையிலிருந்து இன்னொன்றுக்குச் சீராக மாறுவது), கீஃப்ரேம் (அசைவின் கட்டங்களைக் குறித்து வைப்பது), எஸ்விஜி (கோடுகளாக எழுதப்படும் படம்), ரிக்வெஸ்ட் அனிமேஷன் ஃபிரேம் (ஒவ்வொரு காட்சிக்கும் நிரலை ஓட்டுவது) ஆகிய நான்கும் இருக்க வேண்டும். அசைவு ஒத்துக்கொள்ளாத வாசகர்களுக்காக அனிமேஷனைக் குறைக்கும் முறை பற்றி ஒரு அத்தியாயமாவது இருந்தால், எழுதியவர் நிஜமாக வேலை பார்த்தவர் என்று எடுத்துக்கொள்ளலாம். கடலுக்குப் போகாதவருக்குப் படகில் வயிற்றைப் பிரட்டுவது போல, திரையில் எல்லாம் ஆடினால் தலைசுற்றுகிறவர்கள் உண்டு. 'சி.டி. இலவசம்' என்று அட்டையில் போட்டிருந்தால் அப்படியே வைத்துவிடுங்கள்.

உங்கள் அண்ணன் மகன் கொடுத்த பழைய ஃப்ளாஷ் புத்தகம் இருக்கிறது என்றீர்கள். அதைக் கடைக்குப் போட வேண்டாம். டைம்லைன், ஸ்டோரிபோர்டு, அசைவின் வேகம் பற்றிய அத்தியாயங்கள் இன்றைக்கும் செல்லும். ஃப்ளாஷின் நிரல்மொழியான ஆக்‌ஷன்ஸ்கிரிப்டும் ஜாவாஸ்கிரிப்டும் ஒரே மொழித் தரநிலையை ஒட்டியவை, அதனால் நிரல் தர்க்கமும் பாதிக்கு மேல் புரியும். அந்த மென்பொருளை இயக்கச் சொல்லும் பக்கங்களை மட்டும் தள்ளிவிட்டுப் படிக்கட்டும்.

நல்ல புத்தகங்கள் பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான். தமிழ் வழியில் படித்த பிள்ளைக்கு முதல் இரண்டு மாதம் கஷ்டமாகத்தான் இருக்கும், மறைக்க மாட்டேன். ஒரு நாளைக்கு இரண்டு பக்கத்துக்கு மேல் வேண்டாம். முதலில் நிரலை அடிக்கட்டும், ஓட்டிப் பார்க்கட்டும், ஒரு எண்ணை மாற்றி என்ன ஆகிறது என்று பார்க்கட்டும். அதன் பிறகு விளக்கத்தைப் படித்தால் பாதி ஏற்கனவே புரிந்திருக்கும். வாங்குவதற்கு முன் ஒரு நாள் மதுரை கலைஞர் நூற்றாண்டு நூலகத்துக்குக் கூட்டிப் போங்கள். கணினி அடுக்கில் கிடைப்பதை எல்லாம் புரட்டிப் பார்த்து, தனக்கு எந்த நடை ஓடுகிறது என்று அவளே சொல்லட்டும்.

பயிற்சிக்கு ஊரிலேயே விஷயம் கிடக்கிறது. பாம்பனில் 1914-இல் திறந்த பழைய ரயில் பாலத்தையும், 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாலத்தையும் அவள் வரையட்டும். புதியது சுலபம். நடுவில் 72.5 மீட்டர் நீளத் தூக்குப் பகுதி, 17 மீட்டர் நேராக மேலே போகிறது. செங்குத்தாக ஒரே நகர்வு, தொடக்கத்திலும் முடிவிலும் மெதுவாக. ஒரு மாலையில் முடித்துவிடுவாள்.

பழையதில்தான் வித்தை இருக்கிறது. ஷெர்சர் என்ற பொறியாளரின் பெயர் கொண்ட அந்தத் தூக்குப் பாலத்தின் இரண்டு இறக்கைகளும் கீல் போட்ட கதவு மாதிரி திறப்பதாகத்தான் தூரத்திலிருந்து தெரிந்தது. உண்மையில் ஒவ்வொரு இறக்கையின் அடியிலும் வில் போல வளைந்த பகுதி இருந்தது. அது தடத்தின் மேல் உருண்டு பின்வாங்கியது. ஆகவே சுழற்சி மட்டும் கொடுத்தால் பாலம் பொய்யாகத் தெரியும். வளைவின் ஆரம் 100 பிக்சல், திறக்கும் கோணம் 80 டிகிரி என்று வைத்துக்கொண்டால், சுழலும்போதே சுமார் 140 பிக்சல் பின்னால் போக வேண்டும். நிரலில் நகர்வை முதலிலும் சுழற்சியை அடுத்தும் எழுத வேண்டும். மாற்றி எழுதினால் திரும்பிய திசையில் நகர்ந்து பாலம் கடலுக்குள் போய்விடும். இரண்டுக்கும் வேக வளைவு ஒன்றாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் உருளாமல் வழுக்கும். சுழற்சி மையத்தையும் அந்த வில்லின் மையத்தில் வைக்க வேண்டும். இவ்வளவும் புத்தகத்தில் வெவ்வேறு அத்தியாயங்களில் தனித்தனியாக இருக்கும். ஒன்றாகச் சேர்ப்பது அவள் வேலை.

பிறகு 'கப்பல் வருகிறது' என்று ஒரு பொத்தான் வைக்கட்டும். பாலம் பாதி திறந்திருக்கும்போது யாராவது மறுபடி அழுத்தினால்? கீஃப்ரேம் கொண்டு செய்திருந்தால் பாலம் துள்ளிக் குதித்து முதலிலிருந்து ஆரம்பிக்கும். டிரான்சிஷன் என்றால் நிற்கிற இடத்திலிருந்தே திரும்பும். ரயில் பாலத்தின் மேல் இருக்கும்போது பொத்தான் வேலை செய்யலாமா? மூடியது, திறக்கிறது, திறந்தது, மூடுகிறது என்று நாலு நிலை எழுதி, எந்த நிலையில் எதற்கு அனுமதி என்று தாளில் போட்டுவிட்டுத்தான் நிரலுக்கு வர வேண்டும். பார்ப்பவர் எதை அழுத்தினாலும் உடையாத படைப்பு என்பது இதுதான். பாடப்பகுதிகளை இப்படித் திரையில் அமைக்கும் மின்கற்றல் நிறுவனங்கள் சென்னையிலும் கோவையிலும் இருக்கின்றன. ஆள் எடுக்கும்போது சான்றிதழுக்கு முன்னால் இப்படிச் செய்த வேலையைத்தான் காட்டச் சொல்வார்கள்.

'இதெல்லாம் ஏஐயே பண்ணிரும்' என்று கொழுந்தனார் சொல்வார். சுழலும் பாலத்துக்கு அது நிரல் எழுதிக் கொடுத்துவிடும்தான். அந்தப் பாலம் உருளாமல் வழுக்குகிறது என்று பார்த்துச் சொல்ல ஒரு கண் வேண்டும். ஏஐ வேலையைப் பறிக்கும் என்றால், அவர் பேசி வைத்த பொறியியல் இடத்துக்கும் அந்தக் கேள்வி பொருந்தாதா?

பட்டம் வேண்டாம் என்று சொல்லவில்லை. வேண்டும், ஆனால் மலிவாக வேண்டும். ராமேஸ்வரத்திலேயே அப்துல் கலாம் பெயரில் அரசு கலை அறிவியல் கல்லூரி இருக்கிறது, ராமநாதபுரத்தில் அரசு மகளிர் கலைக் கல்லூரி இருக்கிறது. கணினி சார்ந்த பிரிவு கிடைத்தால் நல்லது. இல்லாவிட்டால் எந்தப் பிரிவானாலும் பட்டம் பட்டம்தான். ஆறாம் வகுப்பிலிருந்தே அரசு உதவி பெறும் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவள் என்றால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய்க்கு விண்ணப்பிக்கலாம். கல்லூரியிலேயே கேட்டு வாங்குங்கள். அந்தப் பணம் அவள் புத்தகத்துக்கும் பஸ்ஸுக்கும் என்று இருக்கட்டும், வீட்டுச் செலவில் கலக்க வேண்டாம். மென்பொருளுக்கு ஒரு ரூபாய்கூட வேண்டாம். வரைய இங்க்ஸ்கேப் இலவசம், நிரல் எழுத விஎஸ் கோட் இலவசம். இருக்கிற லேப்டாப் இரண்டு வருஷம் தாங்கும். புது லேப்டாப் வாங்கச் சொல்லி யார் வந்தாலும் அனுப்பிவிடுங்கள்.

முதல் வருஷம் அவளிடம் வருமானம் எதிர்பார்க்காதீர்கள். 'நம்ம கடைக்கு ஒரு வெப்சைட் போட்டுக் குடும்மா' என்று சொந்தக்காரர்கள் வருவார்கள். சும்மா செய்து கொடுக்கச் சொல்லாதீர்கள். ஒரு வருஷம் கழித்து அந்த இரண்டு பாலமும் கைபேசியில் விக்காமல் ஓடுகிறதா என்று நீங்களே அழுத்திப் பாருங்கள், அவள் அப்பாவையும் அழுத்தச் சொல்லுங்கள். பாலத்தைத் தொடவே அவளுக்கு மனசு வரவில்லை என்றால் அதுவும் ஒரு பதில்தான். பட்டம் கையில் இருக்கும், வேறு பக்கம் திரும்பலாம், கடன் இருக்காது.

பயிற்சி நிலையத்தில் இரண்டாம் தவணை கட்டாதீர்கள். முன்பண ரசீதை எடுத்துக்கொண்டு நேரில் போய், சேரவில்லை என்று எழுதிக் கொடுத்துப் பணத்தைத் திருப்பிக் கேளுங்கள். கொடுத்த கடிதத்தின் நகலில் அவர்களுடைய முத்திரை வாங்குங்கள். அண்ணனையும் கூட அழைத்துப் போங்கள், அவர் காட்டிய இடம்தானே. கல்லூரிக்கென்று வாங்கிய நகைக்கடனில் செலவாகாமல் இருப்பதை இந்த வாரமே வங்கியில் திருப்பிக் கட்டுங்கள். மகளிடம் இந்தக் கடிதத்தைக் காட்டி, 'லெஃப்ட்' இருக்கும் இடங்களை மாற்றிவிட்டுப் படகை மறுபடி எனக்கு அனுப்பச் சொல்லுங்கள்.