வாக்கியத்துக்கு ஒரு வரி

வணக்கம் ஐயா,

முனைவர் பட்ட ஆய்வேட்டை லேடெக் என்ற அச்சுக்கோப்பு மென்பொருளில் தமிழில் எழுதுகிறேன். நெறியாளர் பிடிஎஃபை அச்செடுத்துச் சிவப்பு மையில் திருத்தித் தருகிறார். அந்த இடம் நான் தட்டச்சு செய்யும் மூலக் கோப்பில் எங்கே என்று தேடுவதிலேயே மாலை போய்விடுகிறது. பிடிஎஃபிலிருந்து சொல்லை நகலெடுத்துத் தேடினாலும் சிக்குவதில்லை. லேடெக் எழுதும் செயலியான டெக்வொர்க்ஸில், பிடிஎஃபின் மேல் கன்ட்ரோலை அழுத்திக் கிளிக் செய்தால் மூலக் கோப்பில் பத்தியின் தலையில் கொண்டுபோய் விடுகிறது. அட்டவணை என்றால் அதன் கடைசி வரியில். வேர்டுக்கே திரும்பிவிடலாமா?

க., திருச்சி

அன்புள்ள க.,

திரும்ப வேண்டாம். தேடல் சிக்காதது உங்கள் பிழையில்லை. பிடிஎஃபுக்குள் இருப்பவை எழுத்துருவின் வடிவங்கள். நாம் ‘கொ’ என்று தட்டுவது அங்கே கொம்பு, க, கால் என்று மூன்று துண்டாகக் கிடக்கும். நகலெடுத்தால் பல நேரம் அதே வரிசையில் வந்து விழும். ஆங்கிலத்தில் எழுதுகிறவர் சொல்லைத் தேடியே சமாளித்துவிடுவார். நமக்கு அந்த வழி பாதி அடைபட்டிருப்பதால், கிளிக் சரியான இடத்தில் போய் நிற்பது இன்னும் முக்கியம்.

அந்தக் கிளிக்குக்குப் பின்னால் இருப்பது சிங்க்டெக். ஜெரோம் லோரென்ஸ் எழுதியது, 2008 முதல் டெக் லைவ் என்ற லேடெக் மென்பொருள் தொகுப்புடன் வருகிறது. பக்கத்தில் விழும் ஒவ்வொரு பெட்டியும் எந்தக் கோப்பின் எத்தனையாவது வரியிலிருந்து வந்தது என்று அது குறித்து வைக்கும். வரி எண் மட்டும்தான். வரிக்குள் எந்த இடம் என்பது அதற்குத் தெரியாது. எட்டு வாக்கியப் பத்தியை என்டர் தட்டாமல் ஒரே வரியாக அடித்தால், எட்டுக்கும் ஒரே எண்.

அதனால் வாக்கியத்துக்கு ஒரு வரி என்று எழுதுங்கள்:

மண்ணின் ஈரப்பதம் காலை 6 மணிக்கு அளக்கப்பட்டது.
மாலை அளவீடு தனியே தரப்பட்டுள்ளது.

ஒற்றை என்டரை, லேடெக்குக்கு அடியில் ஓடும் டெக் வெறும் இடைவெளியாகத்தான் எடுத்துக்கொள்ளும். வெற்று வரி விட்டால்தான் புதுப் பத்தி. பிடிஎஃபில் எதுவும் மாறாது. கணினி அறிஞர் பிரையன் கெர்னிகன் 1974-லேயே யூனிக்ஸ் இயங்குதளம் பழகுகிறவர்களுக்குச் சொன்ன யோசனை இது. ஏற்கெனவே எழுதியதைப் பிரிக்கும்போது மட்டும், எல்லாப் புள்ளிக்குப் பின்னும் கண்ணை மூடிக்கொண்டு வரி உடைத்துவிடாதீர்கள். ‘எ.கா.’ நடுவில் பிளக்கும், 3.14-இல் இடைவெளி விழும்.

அட்டவணைக்கு வருவோம். அட்டவணை போட உதவும் டேபுலர்-எக்ஸ் மாதிரியான லேடெக் நிரல்தொகுப்புகள் முழு அட்டவணையையும் முதலில் விழுங்கிவிட்டு அப்புறம்தான் அடுக்குகின்றன. அதனால் எல்லாக் கட்டத்துக்கும் கடைசி வரியின் எண்ணே விழுகிறது. இதற்கு முழுத் தீர்வு இல்லை. ஒவ்வோர் அட்டவணையையும் தனிக் கோப்பில் வையுங்கள். கிளிக் செய்தால் அந்தச் சின்னக் கோப்பாவது திறக்கும்.

பொருளடக்கப் பக்கத்தில் கிளிக் செய்து தலைப்பைத் திருத்தாதீர்கள். திறப்பது டெக் தானாக எழுதும் கோப்பு. அடுத்த ஓட்டத்தில் உங்கள் திருத்தம் அழிந்துவிடும். அந்த அத்தியாயத்துக்கே போய்த் திருத்துங்கள்.

நெறியாளரின் தாள்களைக் கடைசிப் பக்கத்திலிருந்து முன்னோக்கிப் பாருங்கள். 140-ஆம் பக்கத்தில் ஒரு பத்தி கூடினாலும், இன்னும் பார்க்காத 87-ஆம் பக்கம் அச்சில் உள்ளபடியே இருக்கும்.