படம் ஓடுவது விளம்பரத்தாலா, தயாரிப்பாலா?

கேள்வி: ஒரு படத்தின் வெற்றியில் விளம்பரத்துக்குப் பங்கு அதிகமா, தயாரிப்புக்கா? நல்ல படம் என்றால் விளம்பரம் இல்லாமலே ஓடிவிடும் என்கிறார்களே, உண்மையா?

பதில்:

கோவை ஏரியாவில் படப் பிரதிநிதியாக வேலையைத் தொடங்கி, பிறகு விநியோக அலுவலகத்தில் பல ஆண்டுகள் கணக்குப் பார்த்தவன் நான். அதனால் இந்தக் கேள்வியை வசூல் தாளை வைத்துத்தான் என்னால் யோசிக்க முடிகிறது. விளம்பரம் பெரிதா, தயாரிப்பு பெரிதா என்பதை முடிவு செய்வது, அந்தப் படத்தை எத்தனை நாள் தியேட்டரில் நிற்க விடுகிறார்கள் என்ற ஒன்றுதான். மூன்று நாளில் தூக்கிவிடுவார்கள் என்றால் விளம்பரத்தின் கைதான் ஓங்கும். மூன்று வாரம் நிற்குமென்றால், முதல் வாரம் ஒட்டிய போஸ்டரை எல்லோரும் மறந்துபோயிருப்பார்கள். படம் எப்படி எடுக்கப்பட்டிருக்கிறது என்பது மட்டுமே பேசும்.

வெளியில் இருப்பவர்களுக்காகக் கொஞ்சம் விளக்கம். தமிழ்நாட்டைச் சென்னை நகரம், செங்கல்பட்டும் ஆர்க்காடுகளும், கோவை, சேலம், திருச்சி–தஞ்சை, மதுரை–ராமநாதபுரம், திருநெல்வேலி–கன்னியாகுமரி என்று ஏரியா ஏரியாவாகப் பிரித்துத்தான் படம் விற்பார்கள். கோவை ஏரியா என்றால் கோவை, திருப்பூர், ஈரோடு, நீலகிரி. படத்தை வாங்கிய விநியோகஸ்தர், தன் சார்பில் ஒரு ஆளை ஒவ்வொரு தியேட்டருக்கும் அனுப்பிவைப்பார். அவர்தான் பிரதிநிதி. கவுன்டர் அருகே இருந்து, ஒவ்வொரு வகுப்பிலும் எந்த எண்ணிலிருந்து எந்த எண் வரை டிக்கெட் கிழிந்திருக்கிறது என்று பார்த்து, தலைகளை எண்ணி, வரி போக நிகரம் எவ்வளவு என்று எழுதி, மேனேஜரிடம் கையெழுத்து வாங்க வேண்டும். அந்தத் தாளுக்கு டி.சி.ஆர். என்று பெயர். அன்றன்றைய வசூல் கணக்கு. ஒரு படத்தின் ஜாதகமே அந்தத் தாளில் இருக்கிறது என்று நான் இன்றும் நம்புகிறேன்.

அந்தத் தாளை எங்கள் பக்கத்தில் படிக்கத் தனிப் பழக்கம் வேண்டும். திருப்பூரையே எடுத்துக்கொள்ளுங்கள். பனியன் கம்பெனிகளில் வாரச் சம்பளம். சனிக்கிழமை மாலை பணம் கைக்கு வரும். அன்று இரவுக் காட்சியும் மறுநாள் ஞாயிறு முழுவதும் கூட்டம் வரத்தான் செய்யும். சுமாரான படத்துக்கும் வரும். வெள்ளிக்கிழமை வருகிறவர்கள் நடிகரின் ரசிகர்கள், போஸ்டரும் டிரெய்லரும் இழுத்து வந்தவர்கள். ஆகவே முதல் மூன்று நாள் எண்களை வைத்துப் படத்தைப் பற்றி எதுவும் சொல்ல முடியாது. நான் முதலில் புரட்டுவது திங்கட்கிழமைத் தாளைத்தான். அதிலும் பகல் காட்சி. அந்த நேரத்தில் வேலையை விட்டுவிட்டோ, வீட்டு வேலையை முடித்துவிட்டோ ஒருவர் டிக்கெட் வாங்குகிறார் என்றால், பார்த்த யாரோ சொல்லி அனுப்பியிருக்கிறார்கள் என்று பொருள். அடுத்த சனிக்கிழமை கையில் பணம் வந்தபோதும் அதே படத்துக்கு வந்தார்கள் என்றால், அது படத்தின் சொந்தச் சம்பாத்தியம்.

திருப்பூரில் ஒரு தியேட்டரில் நேரில் பார்த்ததைச் சொல்கிறேன். படத்தின் பெயர் வேண்டாம். அதை எடுத்தவர் உழைப்பாளி. தாயில்லாத மகளை வளர்க்கும் ஒரு லாரி ஓட்டுநரின் கதை. அமைதியான, அழகான படம். படத்தில் ஒரே ஒரு சண்டைக் காட்சி. ஆனால் ஊர் முழுக்க ஒட்டிய போஸ்டரில் கதாநாயகன் ரத்தக் கறையோடு இரும்புக் கம்பியை ஓங்கி நின்றுகொண்டிருந்தான். அந்தப் பெண் குழந்தை போஸ்டரின் எந்த மூலையிலும் இல்லை. வெள்ளிக்கிழமை மாலைக் காட்சிக்கு இளைஞர் கூட்டம் திரண்டு வந்தது. இடைவேளையிலேயே கூச்சல். மேனேஜர் என்னைத் தனியாக அழைத்தார்.

"தம்பி, படம் நன்றாகத்தானே இருக்கிறது? பிறகு ஏனுங்க இப்படிக் கத்துகிறார்கள்?"

"சண்டைப் படம் என்று நம்பி வந்தவர்கள் அண்ணா. அப்பா மகள் கதையைக் காட்டினால் வேறு என்ன செய்வார்கள்?"

கோபம் அதோடு நிற்கவில்லை. வெளியே போனவர்கள் டீக்கடையிலும் கம்பெனியிலும் 'ஏமாற்றுப் படம்' என்று சொன்னார்கள். அந்தப் படத்தைப் பார்த்து அழுதிருக்கக்கூடிய தாய்மார்கள், மகளைப் பெற்ற தகப்பன்மார்கள், போஸ்டரைப் பார்த்து இது நமக்கான படம் இல்லை என்று பஸ் ஏறிப் போய்விட்டார்கள். திங்கட்கிழமைப் பகல் காட்சியில் பெண்கள் பகுதி ஏறக்குறையக் காலி. படம் வாரத்தைத் தாண்டவில்லை. விளம்பரத்துக்குப் பணம் போதவில்லை என்று தயாரிப்பு தரப்பு வருந்தியது. பணம் தாராளமாகவே செலவாகியிருந்தது. அது தவறான ஆட்களை உள்ளே அழைத்து வந்து, சரியான ஆட்களை வாசலோடு திருப்பி அனுப்பியது. இதை நினைக்கும்போது எனக்கு இப்போதும் மனம் ஆறுவதில்லை.

ஆக, விளம்பரத்தின் வேலை என்ன? இந்தப் படம் யாருக்கானதோ அவர்களிடம் போய், உள்ளே இருப்பதை உள்ளபடி சொல்வது. பெரிய விளம்பரங்களில் வென்றவை எல்லாம் இதைத்தான் செய்தன. எஸ்.எஸ். வாசன் 1948இல் 'சந்திரலேகா'வை இந்தியில் வட இந்தியாவுக்குக் கொண்டுபோனபோது நாடு முழுவதும் செய்த விளம்பரத்தை இன்றும் எடுத்துச் சொல்கிறார்கள். ஆனால் விளம்பரத்தில் காட்டுவதற்கு அவரிடம் அந்த முரசு நடனம் இருந்தது. மாதக்கணக்கில் பாடுபட்டு, பணத்தைக் கொட்டி எடுத்த காட்சி. காட்டியது திரையிலும் இருந்தது. பார்த்தவர்கள் மற்றவர்களை அனுப்பினார்கள்.

மறுபக்கம் பாருங்கள். 1977இல் '16 வயதினிலே'யை வாங்க விநியோகஸ்தர்கள் முன்வராததால் தயாரிப்பாளர் எஸ்.ஏ. ராஜ்கண்ணு தானே வெளியிட்டார். 1999 டிசம்பரில் வந்த 'சேது'வும் வாங்க ஆளில்லாமல் கிடந்து, மிகச் சில தியேட்டர்களில் தொடங்கிய படம்தான். இரண்டும் பார்த்தவர்களின் வாய்ச்சொல்லாலேயே ஏறின. நல்ல படம் விளம்பரம் இல்லாமல் ஓடும் என்பதற்கு இவற்றைத்தான் எல்லோரும் காட்டுகிறார்கள். நானும் இவற்றை மதிக்கிறேன். ஆனால் ஒரு விஷயத்தை மறந்துவிடுகிறார்கள். வாய்ச்சொல் ஊர் சுற்றி வரும்வரை அந்தப் படங்கள் தியேட்டரில் இருந்தன. இரண்டாவது வாரம் ஆள் கேட்டு வந்தபோது, அங்கே வேறு படம் ஓடிக்கொண்டிருக்கவில்லை.

அந்த அவகாசம்தான் பழைய காலத்தின் பெரிய செல்வம். 1944 தீபாவளிக்கு வந்த 'ஹரிதாஸ்', எங்கள் கோவை சென்ட்ரல் ஸ்டூடியோவில் உருவான படம். சென்னை பிராட்வே தியேட்டரில் மூன்று தீபாவளிகளைக் கண்டது. அன்று படச்சுருளின் பிரதிகள் கொஞ்சம். கோவையில் ஓடி முடித்த படப் பெட்டி திருப்பூருக்கும் ஈரோட்டுக்கும் போகும், பிறகு அவிநாசி, பல்லடம், கோபி, கடைசியில் டூரிங் கொட்டகை. படம் நன்றாக இருக்கிறதா இல்லையா என்ற சேதி பெட்டிக்கு முன்பே அந்த ஊருக்குப் போய்ச் சேர்ந்திருக்கும். மாட்டு வண்டியில் தட்டி கட்டி, மேளம் அடித்து, நோட்டீஸ் வீசிக்கொண்டு போனதெல்லாம் 'இன்ன ஊரில் இன்று முதல்' என்று சொல்லத்தான். படத்தை ஏற்கெனவே மக்கள் எடை போட்டிருந்தார்கள்.

இப்போது பிரதி என்ற பொருளே இல்லை. டிஜிட்டலில் ஒரே காலையில் நூற்றுக்கணக்கான திரைகளில் படம் வந்துவிடுகிறது. (அதற்கான கட்டணத்தை யார் கொடுப்பது என்ற தகராறில்தான் 2018 மார்ச்சில் தமிழ்த் தயாரிப்பாளர்கள் புதுப் படங்களை நிறுத்திவைத்தார்கள்.) சில வாரங்களில் படம் வீட்டுத் திரைக்கும் வந்துவிடும் என்பது பார்வையாளர் எல்லோருக்கும் தெரியும். அதோடு, பொதுவாக முதல் வாரத்தில் வசூலில் பெரும்பங்கு விநியோகஸ்தருக்கு. வாரம் ஏற ஏற அது குறைந்து, தியேட்டர்காரரின் பங்கு கூடும். இதனால் படத்தை எடுத்தவர்களுக்கே முதல் மூன்று நாளை நிரப்புவதில்தான் அவசரம். தியேட்டர்காரரைக் கேட்டால் நீண்ட நாள் ஓடுவதையே விரும்புவார். ஆனால் வசூல் இந்தத் தொகைக்குக் கீழே போனால் படத்தை எடுத்துவிடலாம் என்று ஒப்பந்தத்தில் ஒரு கோடு இருக்கும். ஹோல்ட் ஓவர் என்பார்கள். செவ்வாய், புதன் இரண்டும் மந்தமாக இருந்துவிட்டால், அடுத்த வெள்ளிக்கிழமைப் படத்துக்காகக் காத்திருக்கிறவர்கள் அந்தக் கோட்டைக் காட்டிப் பேசத் தொடங்கிவிடுவார்கள். வாய்ச்சொல் அவிநாசியைத் தாண்டுவதற்குள் படம் போய்விடுகிறது.

விளம்பரம் இவ்வளவு பெரிதாகத் தெரிவதற்குக் காரணம் இந்த ஏற்பாடுதான். விளம்பரத்தின் சக்தி அப்படியேதான் இருக்கிறது. படத்துக்குக் கொடுத்த நாள்கள்தான் குறைந்துவிட்டன. நல்ல படத்துக்கு நடக்கும் இந்த அநியாயத்தை மாற்றாமல், விளம்பரத்துக்கு இன்னும் பணம் ஒதுக்குங்கள் என்று புதிய இயக்குநர்களுக்கு அறிவுரை சொல்வது எனக்குச் சரியாகப் படவில்லை.

தயாரிப்பு என்ற சொல்லைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். கோபியிலும் பொள்ளாச்சியிலும் ஷூட்டிங் பார்த்து வளர்ந்தவர்களுக்குத் தயாரிப்பு என்றால் கேமராவும் கூட்டமும் ஜெனரேட்டர் வண்டியும்தான் நினைவுக்கு வரும். வட்டிக்கு வாங்கிய பணத்தில் எடுக்கும் படத்துக்கு, சொன்ன நாளில் முடிப்பதும் தயாரிப்பின் பாதி. ஆறு மாதம் தள்ளிப்போன படத்தில், விளம்பரத்துக்கு என்று வைத்திருந்த பணத்தை வட்டி தின்றிருக்கும். கோவைக்காரரான சாண்டோ எம்.எம்.ஏ. சின்னப்பா தேவர் இதில் கெட்டிக்காரர். 1956இல் 'தாய்க்குப் பின் தாரம்' தொடங்கி, படங்களை விரைந்து முடித்துச் சொன்ன நேரத்தில் வெளியிடுவதற்கே பெயர் வாங்கினார். திருச்செங்கோட்டுக்காரரான டி.ஆர். சுந்தரம் சேலத்தில் மாடர்ன் தியேட்டர்ஸை ஒரு ஆலையைப் போலவே கண்டிப்பாக நடத்தி நூறுக்கு மேல் படங்கள் எடுத்தார். 1956இல் வந்த 'அலிபாபாவும் 40 திருடர்களும்' படத்தில் வண்ணத்தைக் கொண்டுவந்தது தயாரிப்பாளராக அவர் எடுத்த முடிவு. தமிழின் முதல் முழு வண்ணப் படம் என்பதைவிடப் பெரிய விளம்பர வாசகம் அந்த ஆண்டு வேறு என்ன இருந்திருக்க முடியும்? இந்த மண்ணின் முன்னோடிகள் தயாரிப்பையும் விளம்பரத்தையும் இரண்டு துறைகளாக வைத்துக்கொள்ளவே இல்லை. 1905இல் புரொஜெக்டர் வாங்கி ஊர் ஊராகக் கூடாரம் போட்டுப் படம் காட்டிய சாமிக்கண்ணு வின்சென்ட், 1914இல் கோவையில் வெரைட்டி ஹாலைக் கட்டினார். என்ன காட்டுகிறோம், யாருக்குக் காட்டுகிறோம் என்ற இரண்டும் அவருக்கு ஒரே யோசனையாகத்தான் இருந்திருக்க வேண்டும்.

உங்கள் கேள்வியின் இரண்டாம் பகுதிக்கு வருகிறேன். விளம்பரமே இல்லாமல் நல்ல படம் ஓடுமா? ஓடாது. படம் வந்திருப்பதே தெரியாதவர் எப்படி வருவார்? ஆனால் மோசமான படத்தை விளம்பரத்தால் இரண்டாவது சனிக்கிழமைக்குக் கொண்டுபோனவர் யாரையும் நான் பார்த்ததில்லை.

சிறிய படம் கையில் இருக்கிறவர்கள் என்னிடம் கேட்டால், கோவை ஏரியா முழுவதும் ஒரே நாளில் இறங்காதீர்கள் என்றுதான் சொல்வேன். கோவையில் சில திரைகள், திருப்பூரில் ஒன்றிரண்டு, ஈரோட்டில் ஒன்று போதும். காலை ஒன்பது மணிக் காட்சியை நான்கு தியேட்டரில் வாங்குவதைவிட, மாலைக் காட்சியை ஒரே தியேட்டரில் இரண்டு வாரத்துக்குப் பேசி வாங்குங்கள். குடும்பத்தோடு வருகிறவர்கள் வரும் நேரம் அதுதான். அதற்காகத் தியேட்டர்காரருக்கு முதல் வாரப் பங்கில் கொஞ்சம் விட்டுக்கொடுக்க வேண்டியிருந்தாலும் கொடுங்கள். விளம்பரப் பணத்தில் பாதியைத் தொடாமல் வைத்திருங்கள். திங்கட்கிழமைத் தாள் வந்த பிறகு, எந்த ஊரில் பகல் காட்சிக்கு ஆள் வந்திருக்கிறது, எந்த வகுப்பில் வந்திருக்கிறது என்று பார்த்து, அந்த ஊரிலேயே அந்தப் பணத்தைச் செலவழியுங்கள். போஸ்டரில் படத்தில் இருக்கும் முகத்தையே போடுங்கள். படம் ஒரு பெண் குழந்தையைப் பற்றியது என்றால், அவள் முகம் பஸ் நிலையச் சுவரில் தெரியும்படி பெரிதாக இருக்கட்டும்.