70,000 மடங்கா, 80 மடங்கா?

லேசர் அணுக்கரு இணைவில் எரிபொருளைச் சுற்றியிருக்கும் ஓட்டின் மேற்பரப்பில் 20 மைக்ரான் அலைநீள மேடுபள்ளம் கைக்கணக்கில் 2 நானோநொடியில் 70,000 மடங்குக்கு மேல் வளர்கிறது, சிமுலேஷனில் 80 சொச்சம்தான், புரோகிராமில் பிழையா என்று கேட்டிருந்தீர்கள். புரோகிராம் பாவம், அதை விடுங்கள். கோளாறு உங்கள் தாளில்.

நீங்கள் போட்டது பழைய ரேலி-டெய்லர் கணக்கு (லேசான பொருள் கனமானதைத் தள்ளும்போது எல்லையில் மேடுபள்ளம் வளரும் நிலைகுலைவு): அலை எண்ணையும் (2π ÷ அலைநீளம்) முடுக்கத்தையும் பெருக்கி வர்க்கமூலம், அதுதான் வளர்ச்சி வீதம். ஆனால் லேசர் அடிக்கும் ஓட்டில் மேற்பரப்பு ஆவியாகிப் பறந்துகொண்டே இருக்கிறது, தலைதூக்கும் முகட்டையும் சீவிக்கொண்டு போகிறது. இயற்பியலாளர் தகாபேயின் குழு 1985-இல் தந்த சூத்திரப்படி அந்த வர்க்கமூலத்தை 0.9-ஆல் பெருக்கி, அலை எண் × ஆவியாகும் வேகம் × 3 கழிக்க வேண்டும்.

நீங்கள் கொடுத்த முடுக்கம் 100 மைக்ரான்/நானோநொடி², ஆவியாகும் வேகம் 3 மைக்ரான்/நானோநொடி. அப்படியானால் 5.04 − 2.83, அதாவது நானோநொடிக்குச் சுமார் 2.2. இரண்டு நானோநொடிக்கு e-யின் அடுக்கு 4.4, உங்கள் 80 வந்துவிட்டது. 5 மைக்ரான் அலைக்குப் போட்டால் விடையே மைனஸ், அது வளரவே வளராது!

ஒன்று, சூத்திரத்தில் பெருக்கும் அந்த 3 பொருளுக்குப் பொருள் மாறும். பிளாஸ்டிக் ஓட்டுக்குக் கண்ணை மூடிக்கொண்டு போடாதீர்கள். ஓட்டின் உள்பக்கம் வேகம் குறையும்போது கிளம்பும் நிலைகுலைவு தனிக்கதை, அதற்கு இந்த எண்கள் ஒத்துவராது.