துளைக்குள் பார்த்தீர்களா?

கேள்வி: சிவப்புப் பாசிமணிக் கோர்வை ஒன்றை 'மாந்தை மணி, 2000 வருசம் பழசு' என்று 15,000 ரூபா சொல்கிறார்கள். எல்லாம் ஒரே அளவு. ஒவ்வொன்றின் நடுவிலும் மெல்லிய கோடு ஓடுகிறது. வாங்கலாமா? (கிளிநொச்சி)

பதில்: வேண்டாம். அந்தக் கோடு அச்சில் வார்த்த மணியின் பொருத்து. மன்னாரின் பழைய துறைமுகமான மாந்தையின் (மாதோட்டம்) மணி, உருகிய கண்ணாடியைக் குழாயாக இழுத்து வெட்டியது, அதில் பொருத்து வராது.

கேள்வி: இடம்பெயர்ந்த காலத்திலும் அம்மம்மா கைவிடாத கோர்வை. வெளியே சிவப்பு, துளை ஓரத்தில் வெள்ளை. வீடுவீடாக வந்த ஒருவர் 'பிளாஸ்ரிக்' என்று சொல்லி 500 ரூபாவுக்குக் கொண்டுபோய்விட்டார். மூன்று மணிதான் மிச்சம். (புதுக்குடியிருப்பு)

பதில்: வாசிக்கவே வயிறு எரிகிறது, தங்கச்சி. மிச்சத்தைக் கன்னத்தில் வைத்துப் பாருங்கள், கண்ணாடி என்றால் சில்லென்றிருக்கும். வெள்ளைக்கு மேல் சிவப்புப் போர்த்திய மணிகள் 19ஆம் நூற்றாண்டில் வெனிசில் ஏராளமாகச் செய்யப்பட்டு உலகெங்கும் வியாபாரத்துக்குப் போனவை. உங்களுடையதும் அந்த வகையாகத்தான் தெரிகிறது. அந்த மூன்றையும் யாருக்கும் கொடுக்காதீர்கள்.

கேள்வி: வயல் உழும்போது கிடைத்தது என்று மண் ஒட்டிய மணிகளை மலிவாகத் தருகிறார் ஒருவர். பழசுதானே? (அடம்பன்)

பதில்: மண் ஒட்டினால் பழசு என்ற இந்த நம்பிக்கையோடு எனக்குப் பல வருசச் சண்டை. முதலில் கழுவுங்கள். பத்து மடங்கு லென்ஸில் வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். குமிழிகள் துளையோடு நீளவாக்கில் ஓடினால் இழுத்த மணி, துளையைச் சுற்றி வளைந்தால் கம்பியில் சுற்றிய மணி. இது செய்த விதத்தைத்தான் சொல்லும், காலத்தை அல்ல. வவுனியாவில் நானே குமிழியை மட்டும் நம்பிக் கடுகு மஞ்சள் கோர்வை ஒன்று வாங்கினேன். ஆந்திராவின் பாப்பாநாயுடுபேட்டையில் இன்றும் அதே முறையில் மணி இழுக்கிறார்கள் என்பது அப்புறம்தான் தெரிந்தது. நூலில் நெடுங்காலம் கிடந்த மணிகள் ஒன்றையொன்று உரசும் முகத்தில் தேய்ந்திருக்கும். என்னுடையதில் ஒரு கீறல்கூட இல்லை.

சரி, உண்மையிலேயே நிலத்தில் எடுத்தது என்றால்? அப்போதும் வாங்காதீர்கள். 1940ஆம் ஆண்டுத் தொல்பொருள் கட்டளைச் சட்டப்படி அனுமதியில்லாமல் தோண்டுவது குற்றம். எந்த மண்படையில், எந்தப் பானை ஓட்டுத்துண்டோடு கிடந்தது என்பதை வைத்துத்தான் மணிக்குக் காலம் சொல்வார்கள். பிடுங்கி எடுத்தால் அது போய்விடும். மாதோட்டத்தின் கதையை நாங்களே பிடி பிடியாக விற்றுக்கொண்டிருக்கிறோம்.

கேள்வி: முகநூலில் படம் பார்த்து 8,000 ரூபா அனுப்பினேன். வந்தது பிளாஸ்ரிக். பற்றுச்சீட்டு இல்லை. (வவுனியா)

பதில்: துளையைக் கிட்டத்தில் படமெடுத்து அனுப்பச் சொல்லவில்லை, பற்றுச்சீட்டும் கேட்கவில்லை. இதே கேள்விக்கு எத்தனை தரம் எழுதுவது? பேசிய செய்திகளையும் வங்கிச் சீட்டையும் அழித்துவிடாமல், மூன்று மாதத்துக்குள் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைக்கு எழுத்தில் முறையிடுங்கள். தொலைபேசி 1977.