கணக்கு காட்டாத கணவர்: வழக்குக்கு முன்பே ஆவணங்களை வாங்க வேண்டுமா?

கேள்வி: ஆக்லாந்தில் வசிக்கிறேன். கணவரைப் பிரிந்து எட்டு மாதம் ஆகிறது. திருமணமாகிப் பதினோரு வருடம். வீடு அவர் பெயரில், தொழில் கம்பெனி பெயரில். எந்தக் கணக்கையும் காட்ட மறுக்கிறார். கோவையில் ஒரு மனையும் இருக்கிறது. முதலில் கோர்ட் மூலம் ஆவணங்களை வாங்கினால்தான் சொத்தில் பங்கு கேட்டு வழக்குப் போட முடியும் என்கிறார் தெரிந்தவர் ஒருவர். உண்மையா?

பதில்: இல்லை. அதை நம்பிக் காத்திருக்காதீர்கள்.

வழக்குக்கு முன்பே ஆவணம் கேட்டு உத்தரவு வாங்க வழி உண்டு. ஆனால் அந்த ஆவணத்தைப் பார்க்காமல் கோரிக்கையையே எழுத முடியாது என்று நீதிபதிக்குக் காட்ட வேண்டும். உங்கள் நிலை அதுவல்ல. வீடும் கம்பெனியும் இருப்பது தெரியும், மதிப்புதான் தெரியாது. மதிப்பு தெரியாமலே வழக்குத் தொடுக்கலாம். தொடுத்த பிறகு இருவருமே சொத்து, கடன் அத்தனையையும் சத்தியம் செய்து அஃபிடவிட்டாகக் கொடுத்தாக வேண்டும். அதில் மறைத்தால், ஆவணங்களைக் காட்டச் சொல்லும் டிஸ்கவரி உத்தரவு கேளுங்கள். எல்லாம் ஏதோ ஒரு டிரஸ்டுக்குள் போய்விட்டது, அதன் பத்திரமே கண்ணில் படவில்லை என்றால் மட்டும் முன்கூட்டியே கேட்பதில் அர்த்தம் இருக்கிறது.

இல்லாவிட்டால் அந்த ஒரு மனுவே மாதக்கணக்கில் இழுக்கும். குடும்ப நீதிமன்றத்தின் மந்தம் ஒளிக்கிறவருக்குத்தான் சாதகம். நேர்மையாகக் கணக்குக் கேட்கிறவர் வக்கீல் கடிதம் ஒவ்வொன்றுக்கும் பணம் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். இதைப் பார்க்கப் பார்க்க எரிச்சல்தான் வருகிறது. கெடுவும் ஓடும்: விவாகரத்து உத்தரவு அமலுக்கு வந்து 12 மாதத்துக்குள் வழக்குத் தொடுக்க வேண்டும்.

இப்போது செய்ய வேண்டியது வேறு. வீட்டின் டைட்டிலை, அதாவது உரிமைப் பதிவின் நகலை, யார் வேண்டுமானாலும் சிறு கட்டணத்தில் வாங்கலாம். கம்பெனியின் இயக்குநர், பங்குதாரர் விவரம் கம்பெனிப் பதிவேட்டில் இலவசம். வக்கீல் மூலம் அந்த டைட்டிலில் உரிமைக் கோரிக்கை அறிவிப்பைப் பதிந்துவிடுங்கள். உங்களுக்குத் தெரியாமல் வீட்டை விற்பது கடினமாகிவிடும். அவருடைய மின்னஞ்சலுக்குள் மட்டும் நுழையாதீர்கள், அது குற்றம்.

அப்புறம், "நான் பேசி முடித்துத் தருகிறேன்" என்று வரும் குடும்ப நண்பர்கள், இரண்டு பேருக்கும் ஒரே கணக்காளர், கமிஷன் கேட்கும் 'ஆலோசகர்'கள். இவர்கள் நீட்டும் தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். தம்பதியர் சொத்தைப் பிரிப்பதற்கான நியூசிலாந்தின் 1976ஆம் ஆண்டுச் சட்டப்படி, இருவருக்கும் தனித்தனி வக்கீல் விளக்கிச் சான்று கொடுக்காத ஒப்பந்தம் செல்லாது. பணத்தை வாங்கிக்கொண்டு இதைச் சொல்லாமல் விடுகிறார்கள்.

கோவை மனையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். இந்தச் சட்டம் நியூசிலாந்தில் உள்ள நிலத்துக்கே பொருந்தும். கோவை மண் இதற்குள் வராது. தமிழ்நாட்டிலும் கணவர் சொத்தில் மனைவிக்குச் சரிபாதி என்று சட்டம் கிடையாது. ஆனால் நிலம் அல்லாத சொத்து, உதாரணமாக இந்திய வங்கியில் உள்ள வைப்புத்தொகை, உங்களில் ஒருவர் நியூசிலாந்தையே நிரந்தர வாழிடமாகக் கொண்டிருந்தால் இந்தச் சட்டத்துக்குள் வரும். அதனால் அவர் மனையை விற்றுப் பணமாக்கியிருந்தால் கதை மாறும். சர்வே எண் தெரிந்தால் தமிழ்நாடு பதிவுத்துறை இணையதளத்தில் வில்லங்கச் சான்றை இங்கிருந்தே பாருங்கள். விற்பனை பதிவாகியிருந்தால், அந்தப் பத்திர எண்ணையும் தேதியையும் குறித்து உங்கள் வக்கீலிடம் கொடுங்கள்.